பஸ்ராவில இருந்து வந்த விருந்தாளி

ரேடியோ இக்காவை நினைச்சா இன்னிக்கும் எனக்குக் கோபமும் வருது, பாசமும் வருது. எது முதல்ல வருதுங்கறது அன்னன்னிக்கு என் மனசு எப்படி இருக்குங்கறதைப் பொறுத்தது. கொச்சியில எங்க மட்டாஞ்சேரி முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிட்டுச்சு. இக்கான்னா அண்ணன். கப்பல்ல சமையல்காரரா ஊரூரா சுத்தின மனுஷன், ஒரு கால் முடியாமப் போனதும் கொச்சங்காடியில மைக் செட் கடை வச்சாரு. கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் ஹாரன் வாடகைக்கு விடுறது பொழப்பு. ஆனா அவர் உசிரு அதுல இல்ல.

அம்பதுகளோட கடைசி வருஷங்கள் அது. வீட்டுக்கு வீடு ரேடியோ ஏது அப்போ? இக்கா ஒரு சுக்குக் கிடங்குக்கு மேல மாடி அறையைப் பிடிச்சாரு. அங்க மைக்கும் கிராமபோனும் வச்சு, தெருத்தெருவா கம்பி இழுத்து, சாயாக்கடை வாசல்ல, மீன் சந்தை முக்குல, படகுத்துறையிலன்னு ஹாரனைக் கட்டிவிட்டாரு. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சா ஆரம்பிக்கும், பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொல்றதுக்கு முன்னாடி நின்னுரும். கப்பல்காரங்ககிட்ட சொல்லிவச்சு வாங்கின இசைத்தட்டுங்க அவர்கிட்ட அலமாரி அலமாரியா இருந்துச்சு. மிஸ்ருங்கற எகிப்து நாட்டுப் பாட்டு, சான்சிபார் பாட்டு, பாரசீகம், இத்தாலின்னு எங்கெங்கேயோ பொறந்த பாட்டெல்லாம் எங்க தெருவில வந்து மீன்காரிங்க சத்தத்தோட கலந்துச்சு. ஒரு வார்த்தை புரியாது. ஆனா மூட்டை தூக்குறவங்ககூட அந்த நேரத்துக்குக் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

அவர் தட்டு போடுற விதம்தான் விசேஷம். "அடுத்ததா இன்னாரு பாடின தட்டு"ன்னு ஒருநாளும் சொன்னதில்ல. விருந்தாளி வந்த மாதிரிதான் பேசுவாரு. "வாங்க, வாங்க! மாடிப்படி இருட்டாச்சே, தலையில இடிச்சுக்கலையே? உக்காருங்க. கடல் எப்படி, அமைதியா இருந்துச்சா?"ன்னு கேப்பாரு. கண்ணாடிக் கிளாஸ்ல பால் விடாத சுலைமானி சாயாவைக் கரண்டியால கலக்குற சத்தம் ஹாரன்ல டிங் டிங்னு கேக்கும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நம்ம விருந்தாளி அலெக்சாந்திரியாவில இருந்து வந்திருக்காரு, களைப்பா இருக்காரு, ஆனாலும் உங்களுக்காக ஒரு பாட்டு பாடுறேங்கறாரு" அப்படிம்பாரு. பாட்டு முடிஞ்சதும் "மெல்ல இறங்குங்க, ரெண்டாவது படி ஆடும்"னு வழியனுப்பி வைப்பாரு. மலையாளமும் தமிழும் உருதுவும் கலந்த பேச்சு. கேட்டுட்டே இருக்கலாம்.

இதுல வேடிக்கை என்னன்னா, வெள்ளிக்கிழமையில நிஜமாவே ஆளுங்க வருவாங்க. குஜராத்தி சேட்டு ஒருத்தர் ஹார்மோனியம் வாசிப்பாரு. கோட்டைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் ஒருத்தர் வயலின் வாசிப்பாரு. யூதத்தெருவுப் பொம்பளைங்க ஒரு தடவை திரைக்குப் பின்னால உக்காந்து கல்யாணப் பாட்டுப் பாடினாங்க. துறைமுகத்துல இறங்குன ஒரு ஆப்பிரிக்கக்காரன் வெறும் மேசையில தாளம் போட்டே ஊரை ஆட்டிட்டான். நிஜ ஆளுக்கும் அதே வரவேற்பு, தட்டுக்கும் அதே வரவேற்பு. அதனால எது மனுஷன், எது தட்டுன்னு யாரும் பிரிச்சுப் பாக்கல. தெரிஞ்சவங்க சொல்லல, தெரியாதவங்க கேக்கல. அந்த விளையாட்டு எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சு.

எனக்கும் பிடிச்சுதான் இருந்துச்சு, என் தலையில விழுற வரைக்கும்.

பாலக்காட்டுல இருந்து கல்யாணமாகி வந்தவ நான். என் வீட்டுக்காரரை மச்சான்னு கூப்பிடுவேன். கப்பல்ல வேலை. ஒரு மழைக்காலம் முழுசா நாங்க சேர்ந்து இருந்தோம், அவ்வளவுதான் எங்க குடித்தனம். கெட்ட மனுஷன்னு சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். சோறு வேகறதுக்குள்ள நாலு பாட்டு பாடிருவாரு. பாட்டு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பாரு பாருங்க, அடுப்பாங்கரையில நிக்கிற எனக்கு அந்த மூச்சே கேக்கும். கப்பலேறுறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை இக்கா அவரையும் மாடிக்குக் கூப்பிட்டாரு. எதிர்ச் சாயாக்கடை ஹாரன்ல அவர் குரல் வந்தப்போ, என் மாமியார் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னாங்க. ஹாரன்ல எல்லார் குரலும் சளி பிடிச்ச மாதிரிதான் கேக்கும். ஆனாலும் மாமி, "என் புள்ளை, என் புள்ளை"ன்னு தெருவில போறவங்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாங்க.

அப்புறம் அவர் போனாரு. பம்பாயில கப்பல் மாறிட்டாருன்னு யாரோ வந்து சொன்னாங்க. அதோட சரி. கப்பல் கம்பெனிக்கு ஆள் விட்டுக் கேட்டோம், அரபு நாட்டுல பஸ்ராவில இறங்கினவர் திரும்பி ஏறலைன்னு சொன்னாங்களாம். செத்தாரா, இருக்காரா, வேற எங்கயாவது குடும்பம் வச்சுட்டாரா, ஒண்ணும் தெரியல. வீட்டுல ஒரு போட்டோ கிடையாது. கொஞ்ச நாள்ல எனக்கு அவர் முகம் மறக்க ஆரம்பிச்சுது. கண்ணை மூடினா மூக்கு வராது, மீசை வராது. குரல் மட்டும் வரும், அதுவும் ஹாரன்ல வந்த குரல். எனக்குப் பயமாப்போச்சு. அவர் உசிரோட இருந்தாலும் பயம், இல்லாட்டியும் பயம். சாயங்காலமானா தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திட்டு அடுப்படியில உக்காந்துக்குவேன்.

புருஷன் காணாமப்போய் நாலு வருஷம் ஒரு சேதியும் இல்லேன்னா பொண்டாட்டி பிரிஞ்சுக்கலாம்னு சட்டம் இருக்கு. எங்க பள்ளிவாசல் ஜமாஅத்தும் அதை ஏத்துக்கிட்டிருந்துச்சு. அந்தக் கெடு முடியப்போற வருஷம் என்னைப் பெத்த அத்தா பாலக்காட்டுல இருந்து வந்தாரு. பக்கத்துல சுள்ளிக்கல்ல ஒரு நல்ல இடம், சின்னதா கடை வச்சிருக்காரு, பொண்டாட்டி தவறிட்டா, உன்னைக் கேக்கறாங்கன்னு சொன்னாரு. எனக்கு வேணும்னு இருந்துச்சு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், ரொம்ப வேணும்னு இருந்துச்சு. எனக்கு ஒரு வீடு வேணும், ஒரு புள்ளை வேணும். சாயங்காலமானா ஜன்னலைத் திறந்து வச்சுக்கிற ஒரு வாழ்க்கை வேணும்.

மாமி மறுக்கல. "அல்லாஹ் விட்ட வழி"ன்னாங்க. எங்களுக்குள்ள பெரிய சண்டையெல்லாம் கிடையாது. அவங்களுக்கும் என்னைவிட்டா ஆளில்ல.

அந்த வாரத்துலதான் அது நடந்துச்சு. முற்றத்துல உக்காந்து மாமி கப்பைக் கிழங்கு தோல் சீவிட்டிருந்தாங்க. ஜன்னல் சாத்தியிருந்தும் ஹாரன் சத்தம் உள்ள வருது. "வாங்க, வாங்க! பஸ்ராவில இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே!"ன்னு இக்கா விருந்தாளியைக் கூப்பிடுறாரு. பஸ்ராங்கற பேரைக் கேட்டதுமே மாமி கத்தி நின்னுபோச்சு. சாயா கலக்குற சத்தம். அப்புறம் பாட்டு. அரபிப் பாட்டு, நாலஞ்சு ஆம்பளைங்க சேர்ந்து பாடுறது, அதுல ஒருத்தர் மட்டும் தனியா மேல ஏறிப் பாடுறாரு. மாமி எந்திரிச்சுட்டாங்க.

"அவன்தாண்டி."

"யாரு மாமி?"

"யாருன்னா கேக்கற? காதுல என்ன ஈயமா? என் புள்ளை பாடுறான்டி!"

தலையில முக்காடு போட்டும் போடாம ஓடினாங்க. நான் பின்னால ஓடினேன். கிடங்குப் படிக்கட்டுக்குக் கீழ நின்னு, யாராவது இறங்கி வருவாங்களான்னு பாத்தாங்க. யாரும் வரல. பாட்டு முடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சு இக்கா காலை இழுத்து இழுத்து இறங்கி வந்தாரு. இருட்டுல அவர் எங்களைச் சரியாப் பாத்திருக்கக்கூட மாட்டாரு. "பஸ்ரா விருந்தாளி எங்க?"ன்னு மாமி கேட்டாங்க. தெருப்புள்ளைங்க தினமும் கேக்கற கேள்விதான் அது. அவரும் புள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரியே, சிரிச்சுட்டே சொன்னாரு. "அய்யோ, இப்பத்தானே பின்வாசல் வழியா இறங்கினாரு! வல்லார்பாடம் படகைப் பிடிக்கணும்னு அவசரமாப் போனாரு."

மாமி படகுத்துறைக்கு ஓடினாங்க. படகு தண்ணிக்கு நடுவுல போயிட்டிருந்துச்சு. தலைங்க தெரிஞ்சுது, முகம் தெரியல. மாமி கரையில நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. படகுல ஒருத்தர் திரும்பிப் பாத்த மாதிரி இருந்துச்சு. சத்தம் கேட்டா யாரும்தான் திரும்பிப் பாப்பாங்க. ஆனா எனக்கு அந்த நிமிஷம் அவரேதான்னு தோணிருச்சு. தட்டுன்னு தெரிஞ்ச எனக்கே அப்படின்னா, அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அன்னையில இருந்து வீடு வீடா இல்லாமப் போச்சு. அது வெறும் தட்டு மாமின்னு நான் சொன்னதை அவங்க நம்பல. வாசக் கதவைச் சாத்த விடமாட்டாங்க. அவனுக்கும் சேத்து ஒரு ஆள் சோறு கூட வைன்னுவாங்க. ஊருக்குள்ள வந்தவன் வீட்டுக்கு வராமப் போறான்னா காரணம் என்னன்னு யோசிச்சு யோசிச்சு, கடைசில என்மேல வந்து நின்னாங்க. "நீ வேற கல்யாணத்துக்குத் துடிக்கறது அவன் காதுக்குப் போயிருக்கு. அதான் மூஞ்சியத் திருப்பிட்டுப் போறான்." இதைக் கத்திச் சொல்லல, மெதுவாச் சொன்னாங்க. அதுதான் எனக்குத் தாங்கல. நானும் காதைக் கூர்மையா வச்சுக் கேக்க ஆரம்பிச்சேன். தெருவில யாராவது செருமினாக்கூட அவரோன்னு இருக்கும். குளிக்கும்போது பின்னால யாரோ மூச்சு இழுக்கற மாதிரி இருக்கும். சொம்பைக் கீழ போட்டுட்டு ஓடிவந்திருக்கேன்.

அத்தா ஜமாஅத்துல பேச்சை எடுத்தப்போ, மாமி ஆள் விட்டுச் சொல்லிட்டாங்க. என் மகன் உசிரோட இருக்கான், ஊருக்கே வந்துட்டுப் போனான், ரேடியோ இக்காவே சாட்சின்னு. பெரியவங்களும், "சேதி வந்துருச்சுன்னு பெத்தவ சொல்றப்போ நாங்க எப்படிப் பிரிச்சு விட முடியும்? பொறுக்கட்டும்"னு சொல்லிட்டாங்க. எத்தனை நாளைக்குப் பொறுக்கணும்னு யாரும் சொல்லல. அத்தா தலையில கைய வச்சுட்டு உக்காந்துட்டாரு. நான் உக்காரல. முக்காட்டை இழுத்துவிட்டு, அத்தாவைச் சாயாக்கடை வாசல்ல நிறுத்திட்டு, நேரா அந்த மாடிக்கு ஏறினேன். ரெண்டாவது படி நிஜமாவே ஆடுச்சு.

இக்கா ஒரு தட்டைத் துணியால துடைச்சுட்டிருந்தாரு. "உக்காரும்மா"ன்னாரு.

"நான் உங்க விருந்தாளி இல்ல, உக்காரறதுக்கு. அன்னிக்கு என் மாமிகிட்ட என்ன சொன்னீங்க?"

அவருக்கு ஞாபகமே இல்ல. நான் சொல்லச் சொல்ல அவர் கை நின்னுபோச்சு. "படச்சோனே! அது அவங்கன்னு நான் பாக்கலையே. வாய்ல வந்ததைச் சொன்னேன் தங்கச்சி, விளையாட்டுக்குச் சொன்னேன்."

"உங்க விளையாட்டுல என் ஆயுசு போகுது. அங்க ஒரு கிழவி வாசலைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கா. நீங்க இங்க வெறும் நாற்காலிக்குச் சாயா ஊத்திட்டிருக்கீங்க!"

அவர் அழுதுட்டாரு. அவ்வளவு பெரிய ஆம்பளை அழுவாருன்னு நான் நினைக்கல. இன்னிக்கே ஹாரன்ல சொல்லிடறேன், எல்லாம் தட்டுதான்னு ஊரறியச் சொல்லிடறேன்னாரு. எனக்கு ஆத்திரம் அடங்கல. சொன்னா நம்பமாட்டாங்க, யாரோ சொல்லச் சொல்லிச் சொல்றீங்கன்னுவாங்க, அவங்க கண்ணால பாக்கணும்னேன். கூட்டிட்டு வான்னாரு.

மாமி வந்தாங்க. மறுக்கவே இல்ல, வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போத்திக்கிட்டு உடனே கிளம்பினாங்க. மகனைப் பாக்கப் போறோம்னே நினைச்சாங்களோ என்னவோ. நான் கேக்கல. கேக்க எனக்குத் தைரியம் இல்ல. அறைக்குள்ள நுழைஞ்சதும் மூலைமூலையாப் பாத்தாங்க. ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு கிராமபோன் பெட்டி, சுவரெல்லாம் தட்டுங்க. கீழயிருந்து சுக்கு நெடி வந்துட்டிருந்துச்சு. ஹாரன் எல்லாத்தையும் அணைச்சுட்டு, இக்கா அந்தப் பஸ்ராத் தட்டை எடுத்து மாமி கையில கொடுத்தாரு. அவங்க அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுத் திரும்பக் கொடுத்தாங்க. அவர் ஊசியை வச்சாரு.

பெட்டிக்குள்ள இருந்து, பக்கத்துல, தெளிவா, அந்தக் குரல் வந்துச்சு. சளி பிடிச்ச சத்தமெல்லாம் போய், யாரோ ஒரு வயசான ஆளோட கனத்த குரல். எங்க வீட்டு ஆளுக்கும் அந்தக் குரலுக்கும் ஒரு ஒட்டும் இல்ல. மாமி கடைசி வரைக்கும் கேட்டாங்க. ஊசி கிரீச் கிரீச்னு சுத்திட்டிருந்தப்போ, "இவரும் யாரோ பெத்த புள்ளைதானே, நல்லாருக்கட்டும்"னாங்க. நான் அழுகையை எதிர்பாத்தேன், ஏச்சை எதிர்பாத்தேன். ஒண்ணும் வரல. நாற்காலியைப் பாத்துட்டே இருந்தவங்க திடீர்னு இக்காகிட்டக் கேட்டாங்க.

"என் மகனை ஒரு தடவை கூப்பிடேன்ப்பா. இவங்களையெல்லாம் கூப்பிடுறியே, அதே மாதிரி. ஊருக்கெல்லாம் கேக்கற மாதிரி."

இக்கா என்னைப் பாத்தாரு. நான் என்ன சொல்றது? வேண்டாம்னு சொல்ல நான் யாரு? அவர் ஹாரன்களைப் போட்டாரு. கிளாஸ்ல சாயா ஊத்திக் கலக்கினாரு. மைக்குக்கு முன்னால உக்காந்து, மச்சான் பேரையும் அவர் அத்தா பேரையும் சேத்துச் சொல்லி, "வாங்க தம்பி, வாங்க. மாடிப்படி இருட்டாச்சே. உக்காருங்க. கடல் எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டாரு. கேட்டுட்டு நிறுத்திட்டாரு. தட்டு ஒண்ணும் போடல.

அந்த அமைதியை நான் எப்படிச் சொல்வேன்! ஒரு பாட்டு பாடற நேரத்துக்கு மட்டாஞ்சேரி முழுக்க எல்லா ஹாரனும் ஒண்ணுமே இல்லாம, ஹூம்னு மட்டும் இரைஞ்சுட்டிருந்துச்சு. கீழ சந்தையில பேச்சு நின்னுபோச்சு. மாமி மைக்குகிட்ட குனிஞ்சு நின்னாங்க. அவங்க விடுற மூச்சு மைக்குக்குள்ள போய், எதிர்ச் சாயாக்கடை ஹாரன்ல இருந்து வெளிய வந்துச்சு. வெளியில யாரோ பெரிசா மூச்சு விடற மாதிரி இருந்துச்சு. மச்சான் வந்துருவாரு, இப்போ வந்துருவாருன்னு அந்த மாடிக் கதவையே பாத்துட்டு நின்னேன். வரக்கூடாதுன்னும் வேண்டிக்கிட்டேன், வரணும்னும் வேண்டிக்கிட்டேன். ரெண்டையும் ஒரே துஆவுல கேட்டவ நானாத்தான் இருப்பேன்.

"வரல"ன்னு மாமி மைக்குல சொன்னாங்க. "என் புள்ளை வரல. மௌத்தாயிட்டான்." ஊரே கேட்டுச்சு. சாவுச் சேதி கேட்டா சொல்ற மாதிரி, கீழ யாரோ "இன்னா லில்லாஹி"ன்னு சொல்றது மாடிக்குக் கேட்டுச்சு. மாமி எங்கூட நடந்தே வீட்டுக்கு வந்தாங்க. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அன்னிக்கு வாசக்கதவை அவங்களே சாத்தினாங்க.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு ஜமாஅத்து கூடுச்சு. பள்ளிவாசலை ஒட்டின அறையில எங்க ரெண்டு பேரையும் திரைக்குப் பின்னால உக்காரவச்சாங்க. திரைக்கு அந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்ற காஜியாரும் பெரியவங்களும் எங்க அத்தாவும். காஜியார் மாமிகிட்டக் கேட்டாரு, மகனைப் பத்தி ஏதாவது சேதி உண்டா, குரல் கேட்டதாச் சொன்னீங்களேன்னு.

"என் மகன் பேச்சு நின்னுபோச்சு"ன்னாங்க மாமி. "இனி இவ பேசட்டும்."

"உனக்கு என்னம்மா வேணும்?"னு காஜியார் என்னைக் கேட்டாரு.

வாயாடின்னு பேரெடுத்தவ நான். இக்காவை மாடியேறி ஏசினவ. ஆனா அந்த நேரம், என் பக்கத்துல, காதுக்குக் கிட்ட, மச்சான் மூச்சு இழுக்கறது கேட்டுச்சு. பாட்டு எடுக்கறதுக்கு முன்னாடி இழுக்கற அதே மூச்சு. ஹாரன்ல வந்தது இல்ல, அடுப்பாங்கரையில கேட்டது. அத்தனை நாளும் வராத மூக்கும் மீசையும் கண்ணு முன்னால வந்துச்சு. நான் வாயைத் திறந்தா அவர் பாட ஆரம்பிக்காமலேயே போயிருவாருன்னு தோணுச்சு. அத்தா அந்தப் பக்கம் "சொல்லும்மா"ன்னாரு. எனக்குச் சத்தமே வரல.

மாமி என் இடுப்பில சுருக்குனு ஒரு கிள்ளு கிள்ளினாங்க. "பேசுடி"ன்னாங்க, திரைக்கு அந்தப் பக்கம் கேக்காத குரல்ல.

"என்னைப் பிரிச்சு விடுங்க"ன்னு சொன்னேன்.

இக்காவோட மாடியில அழாத, தெருவில அழாத மாமி, அப்பத்தான் என் மடியில முகத்தைப் புதைச்சுக்கிட்டு, "என் புள்ளை போயிட்டானே"ன்னு அழுதாங்க. நான் அவங்க தலையைப் பிடிச்சுக்கிட்டேன். நானும் அழுதேன். திரைக்கு அந்தப் பக்கம் காஜியார் ஏதோ ஓத ஆரம்பிச்சிருந்தாரு, எங்க ரெண்டு பேர் காதிலயும் அது விழல.